டோக்கியோ வானொலிக்குத் திருமழிசையிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: காது மட்டும் படித்தவன், சிட்கோ தொழிற்பேட்டை, திருமழிசை.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், என்.ஹெச்.கே., ஷிபுயா, டோக்கியோ.

பொருள்: தங்கள் ஒலிவழி ஜப்பானியப் பாடங்களைத் தமிழிலும் தந்தருளக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

1935 முதல் கடல்கடந்து பேசிவரும் தங்களுக்கு, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் எங்கள் ஊரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களுக்குத் தங்கள் மொழி முன்பே அறிமுகம். செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று ஒழுங்கும் சுத்தமும் சொல்லும் ஐந்து வார்த்தைகளைப் பட்டறைச் சுவரில் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஆடிட் வருகிற அன்று, அந்த எழுத்தை மறைத்துக் கிடக்கும் ஸ்கிராப்பையும் அள்ளிவிடுவோம். பக்கத்திலேயே ஒரகடத்தில் கொமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா, இரண்டும் ஜப்பான் கம்பெனிகள். அந்த ஐந்துக்கு மேல் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் சம்பளம் கூடும் என்றார்கள். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டேன்.

தாங்கள் 2015-இல் வெளியிட்ட பாடம் அருமை. தாய்லாந்திலிருந்து படிக்க வந்த ஆன்னா என்ற பெண், 48 பாடம், ஒன்றுக்குப் பத்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரம், சரியாக ஒரு ஷிஃப்ட். ஓவர்டைம்கூட இல்லை. மூன்றாவது பாடத்திலேயே ஆன்னா கழிப்பறை எங்கே என்று கேட்கக் கற்றுக்கொள்கிறாள். ஷேர் ஆட்டோவில் நானும் அவளோடு சேர்ந்து ‘டொய்ரே வா தோகோ தெஸ் கா’ என்று உரக்கச் சொன்னேன். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “என்னப்பா கேக்குற?” என்றார். விளக்கினேன். “கூட்ரோட்டுல நின்னு அதை எந்த பாஷையில கேட்டாலும் கிடைக்காதுப்பா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

என் குறை வேறு. தங்கள் பாடம் இந்தியில் இருக்கிறது, வங்காளத்தில் இருக்கிறது, உருதுவில் இருக்கிறது, சுவாஹிலியில்கூட இருக்கிறது. தமிழில் இல்லை. ‘இந்தியில் கேளுங்களேன்’ என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அந்த யோசனையை 1938-லேயே எங்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

ஆகவே ஆங்கிலத்தில் கேட்கிறேன். ஜப்பானியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பதை ஏதோ துக்கச் செய்திபோலத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். எங்கள் பாட்டியும் அப்படித்தான் ஐயா பேசுவாள். ‘மேசையின் மேல் புத்தகம் இருக்கிறது’ என்பதைத் தங்கள் மொழியில் இதே வரிசையில்தான் சொல்கிறார்கள். நேராக வந்து சேர வேண்டியதை ஆங்கிலம் தலைகீழாக்கித் தருகிறது, நான் திரும்ப நிமிர்த்துகிறேன். நான் திருப்பிச் சொல்ல விட்ட இடைவெளியில் இவ்வளவையும் முடிப்பதற்குள் ஆன்னா அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருமழிசை ஆழ்வார், பிரம்பறுப்பவர் வீட்டில் வளர்ந்தவர். பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும், அவர் காதில் விழக்கூடாதென்று ஓதுவதை நிறுத்தினார்களாம். மறுபடி தொடங்கப் பார்த்தால் விட்ட இடம் நினைவில்லை. அவர் ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். விட்ட வரியே அதைப் பற்றியதுதான், உடனே நினைவுக்கு வந்தது. எந்தக் காது கேட்கலாம் என்று பட்டியல் போட்டவர்கள் தாங்கள் மட்டுமல்ல என்ற ஆறுதலுக்காகச் சொன்னேன்.

பீஜிங் வானொலியைப் பாருங்கள். 1962-இல் எல்லையில் சண்டை, 1963-இல் தமிழ் ஒலிபரப்பு. அடித்த கையோடு வணக்கம் நேயர்களே! தாங்களும் 1943-இல் சென்னைமீது விமானம் அனுப்பிக் குண்டு போட்டீர்கள். ஆனால் இன்று தமிழில் பேச்சு வார்த்தையே இல்லை.

இன்னொன்று. ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி தேர்வு நடக்கிறது. அதில் ஆகக் கீழ்ப்படியான என்5-க்கு மொத்தம் 180 மதிப்பெண், தேற 80 வேண்டும். கேட்டல் பகுதிக்கு 60. அதில் முழுசாக 60 வாங்கினாலும், எழுத்துத் தெரியாதவன் ஃபெயில். பேச்சுக்கோ மதிப்பெண்ணே கிடையாது, வாயைத் திறக்க யாரும் சொல்வதில்லை. தேர்வு நடத்துவது தாங்கள் இல்லை, ஜப்பான் ஃபவுண்டேஷன்காரர்கள் என்று தெரியும். ஒரே ஊர்க்காரர்கள்தானே, பார்க்கும்போது சொல்லி வையுங்கள்.

செலவு என்று தயங்க வேண்டாம். ஆன்னாவுக்குத் தமிழ்க் குரல் கொடுக்க எங்கள் கேன்டீன் அக்கா தயார். கழிப்பறை வசனத்தை அவர் பேசினால் எந்த ஜப்பானியரும் உடனே கதவைத் திறந்துவிடுவார். பின்னணிக்கு லேத் சத்தம் இலவசம்.

பதிலைக் கடிதமாக அனுப்பவேண்டாம். எனக்கு ஜப்பானியம் வாசிக்க வராது. ஒலியாக அனுப்புங்கள், கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள நேயர்
(பட்டியலில் இல்லாதவன்)