பைப்புக்கும் குளிரும்

மகன் லண்டனில். பரணில் ஓடும் தண்ணீர்ப் பைப் குளிரில் உறைந்து வெடிக்குமாம். உரும்பிராயில் இருந்து நான் என்ன புத்தி சொல்ல?
*(ஓர் அம்மா, உரும்பிராய்)*

அவனுக்குச் சொன்ன அதே புத்திதான்: சுவெட்டர் போடாமல் இருக்காதே! பைப்புக்கு அது ஸ்பொஞ்ச் உறை. வளைவையும் வால்வையும் விட்டுவிடக் கூடாது.

பரணில் தண்ணீர்த் தாங்கியும் இருக்கிறதே?

மேலே மூடலாம், சுற்றிக் கட்டலாம். அடியில் மட்டும் எதுவும் விரிக்க வேண்டாம். கீழ் வீட்டுச் சூடு ஏறித்தான் அதைக் காப்பாற்றுகிறது.

பனிக்கட்டியா பைப்பை உடைக்கிறது?

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஆனால் பெரும்பாலும் உடைப்பது, கட்டிக்கும் பூட்டிய குழாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம். கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்ட விடுவது அதற்குத்தான்.

உரும்பிராயில் எங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லைத்தானே?

சித்திரை மத்தியானம் கூரைத் தாங்கித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுமா கேட்கிறீர்கள்?

மகன் ஊருக்கு வரும்போது?

நல்லூர்த் திருவிழாவுக்கு என்றால் கவலையில்லை. அப்போது அங்கே கோடை. தைப்பொங்கலுக்கு என்றால், மெயின் வால்வைப் பூட்டி, பைப்பில் நிற்கும் தண்ணீரையும் வடித்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள்.