கரும்பழுப்புச் சுவரும் தமிழ்க் குடும்பமும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வெள்ளை, சந்தனம், இளம்பச்சை. இம்மூன்றுக்கு அப்பாலும் ஹாலுக்கு ஒரு நிறம் உண்டென்பதை நம் குடும்பத் தலைவர்கள் எளிதில் ஒப்புவதில்லை. இந்நிலையில் வீட்டின் இளைய தலைமுறை ஷேடு கார்டும் கையுமாக வந்து, மங்கலான கரும்பழுப்பே வேண்டுமென்று நிற்கிறது. இப்பூச்சால் விளையும் பூசல்களை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிறத்தின் இயல்பும் பிறப்பும்

வானவில்லில் பழுப்பு இல்லை. அது உண்மையில் ஒளி குன்றிய ஆரஞ்சு. சுற்றியுள்ளவற்றைவிட மங்கித் தெரியும்போது கண் அதைப் பழுப்பென்று தீர்ப்பளிக்கிறது. ஆகவே, ஆரஞ்சு கேட்பவரும் கரும்பழுப்பு கேட்பவரும் சண்டையிட அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை.

இந்நிறத்தின் பழைய மூலப்பொருள், இரும்பும் மாங்கனீசும் கலந்த அம்பர் என்னும் மண். ஐரோப்பிய ஓவியர்களோ எகிப்தியப் பிணங்களை அரைத்துச் செய்த ‘மம்மி பிரவுன்’ என்பதையும் தூரிகையில் தொட்டனர். அதன் மூலப்பொருள் இன்னதென்று அறிந்த எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் என்ற ஆங்கில ஓவியர், 1881இல் தம்மிடமிருந்த குழாயைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்தார். முன்னோரைச் சுவரில் ஏற்றும் வழக்கம் நமக்கும் உண்டு. ஆனால் நாம் அரைப்பதில்லை, சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

3. வாதங்களும் அவற்றின் தகுதியும்

அ) “வீடு இருண்டுபோகும்” (அம்மா). இது உண்மை. ஷெர்வின்-வில்லியம்ஸ் என்னும் பெயிண்ட் நிறுவனம் 2021ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்த ‘அர்பேன் பிரான்ஸ்’ (Urbane Bronze) இவ்வகையது. அதன் ஒளி எதிரொளிப்பு அளவு 8. அதாவது, விழுந்த ஒளியில் நூற்றுக்கு எட்டே பங்கைத்தான் சுவர் திருப்பித் தரும். கைமாற்று வாங்கிய மைத்துனர்கூட இதைவிடக் கூடுதலாகத் தருவார்.

ஆ) “அழுக்குத் தெரியாது, அடிக்கலாம்” (அப்பா). இது பிழை. தூசி, சுண்ணாம்புக் கீறல், ஓதத்தில் பூக்கும் உப்பு ஆகிய மூன்றும் வெளிர்நிறத்தன. இருண்ட சுவரில்தான் அவை எடுப்பாகத் தெரியும். மேலும், மேட் பூச்சில் எண்ணெய்த் தலை உராய்ந்த இடம் பளபளக்கும். எந்த மாமா எவ்வளவு உயரத்தில் சாய்ந்தார் என்பது வருங்கால ஆய்வாளருக்குக் கல்வெட்டாக நிற்கும்.

இ) “பார்க்கவே சகிக்காது” (பாட்டி). பாட்டியின் பக்கம் ஓர் அரசாங்கமே நிற்கிறது. 2012இல் ஆஸ்திரேலியா சிகரெட் பெட்டிகளை ஒரே மாதிரியாக்கியபோது, புகைப்போரை முகஞ்சுளிக்க வைப்பதற்கென்றே தேர்ந்த நிறம் பான்டோன் 448 சி என்னும் மங்கிய கரும்பழுப்பு. இதை ஹாலில் அடித்தால் விருந்தாளி வரவு குறையுமா என்பது ஆராயத்தக்கது. குறையுமாயின், இந்நிறத்தின் தலையாய பயன் அதுவே.

4. கருதுகோள்

எந்நிறம் அடித்தாலும் தமிழ்வீட்டுச் சுவர் இறுதியில் பழுப்பையே சென்றடைகிறது. பூஜையறையில் விளக்குப் புகை, அடுப்படியில் தாளிப்பு, ஸ்விட்சுப் பலகையைச் சுற்றிக் குடும்பத்தார் அனைவரின் கைரேகை. இதை உணர்ந்தே முன்னோர் சுவரின் அடிப்பகுதியில் காவிப் பட்டை தீட்டினர். எனவே கரும்பழுப்பு பூசுவோர் புதுமை எதுவும் செய்துவிடவில்லை. காலம் இலவசமாகச் செய்யும் வேலையைப் பெயிண்டருக்குக் கூலி கொடுத்து முந்துகிறார்கள்.

5. முடிபு

ஹாலில் ஒரே ஒரு சுவருக்கு, அதுவும் டிவிக்குப் பின்னுள்ள சுவருக்கு, இந்நிறம் தகும். வெள்ளை டியூப் லைட்டில் இது செத்துத் தெரியுமாதலால் மஞ்சள் ஒளி விளக்கு வேண்டும். மாமாக்கள் மிகுந்த குடும்பத்தில் மேட் பூச்சு விலக்கு. துடைக்கத்தக்க சாட்டின் வகையே கொள்க. வாடகை வீட்டில் அறவே கூடாது. திரும்ப வெள்ளையாக்க ஒரு பிரைமரும் இரண்டு மூன்று கோட்டும் ஆகும். அந்தச் செலவை ஓனர் அட்வான்சிலிருந்து கழித்துக்கொள்வார்.