பாராட்டு விருந்து நடத்துவது எப்படி?

உங்கள் பெண்கள் பள்ளிக்குப் பணம் கொடுத்தவர்களையும், ஊரில் தொழில் நடத்தும் பெண்களையும் ஒன்றாகக் கூப்பிட்டு மதியச் சாப்பாடு போடத் தீர்மானித்திருக்கிறீர்கள். நல்ல காரியம். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இப்படிப் பல விழாக்களில் கைதட்டியவன் என்ற தகுதியில் சில யோசனைகள். பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. மார்ச் 8 தவிர வேறு தேதி பார்க்காதீர்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு நேரமாயிற்றே என்று கணக்கு டீச்சர் இழுப்பார். படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும் என்று சொல்லி, ஹாரன் ஸ்பீக்கரை அந்த வகுப்பு ஜன்னல் பக்கமாகவே கட்டச் சொல்லுங்கள்.

2. யாரைப் பாராட்டுவது? பெண் தொழில்முனைவோருக்கென்று தமிழ்நாடு முழுமைக்குமான சங்கம் ஒன்று திருச்சியில்தான் இருக்கிறது. கேட்டால் பட்டியல் தந்துவிடுவார்கள். ஆகவே கேட்காதீர்கள். பெல் (BHEL) தொழிற்சாலை வந்த பிறகு துவாக்குடிப் பக்கம் முளைத்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் பெண்கள் நடத்துவதும் உண்டு. அதெல்லாம் பேனருக்கு ஒத்துவராது. ஊறுகாய், அப்பளம், பியூட்டி பார்லர் போதும்.

தப்பித்தவறி ஒரு பட்டறைக்காரம்மா பட்டியலில் வந்துவிட்டால், "வீட்டையும் தொழிலையும் எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?" என்று கேளுங்கள். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006இல் சட்டம் வந்தும் பில் இழுத்தடிக்கப்படுவதைப் பற்றி அவர் ஆரம்பித்தால், பொன்னாடையோடு ஒருவரை மேடைக்கு அனுப்பிவிடுங்கள். பொன்னாடை போர்த்தும்போது யாராலும் பேச முடியாது.

3. மேடையில் பதினோரு நாற்காலி. தாளாளர், அவருடைய சம்பந்தி, வார்டு பிரமுகர், சவுண்ட் சர்வீஸ் பாக்கிக்காக ஒருவர் என்று பத்தை நிரப்பிவிட்டு, ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் விழா நாயகிகளை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். அறிமுகத்தில் முதலில் கணவர் பெயர், அப்புறம் மாமனார் பார்த்த உத்தியோகம். நேரமிருந்தால் அந்த அம்மாளின் பெயர்.

4. வரவேற்புக்கு எட்டாவது படிக்கும் பிள்ளைகளை எட்டு மணிக்கே வாசலில் நிறுத்துங்கள். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு மாம்பழச்சாலை சிக்னலில் இருப்பதாக போன் வரும். அதற்குள் பேலாவில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும். பன்னீர்ச் செம்பு வைத்திருக்கும் பெண் அதன் ஓட்டை அடைத்துக்கொண்டதென்று சேஃப்டி பின்னால் குத்திக்கொண்டிருப்பாள். கற்கண்டுத் தட்டில் எறும்பு. அதை ஊதித் தள்ளுவதும் அவளேதான். தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள், "வேணாம் மிஸ்" என்பாள். நல்ல வளர்ப்பு.

5. இப்போது உபயம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பள்ளிக்கு ஊர் கொடுப்பது புதிதல்ல. காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கரும்பலகை, நிலம் என்று ஜனங்கள் எழுந்து நின்று அறிவித்தார்கள். அந்தப் பெஞ்சுகளில் யார் பெயரும் தெரியாது, நிர்வாகக் கோளாறு. நீங்கள் அப்படி விடாதீர்கள். டியூப் லைட்டில் வெளிச்சம் வரும் இடம் முழுக்கப் பெயர் எழுதுங்கள். ஃபேனில் றெக்கைக்கு ஒரு மகன் பெயர் வீதம் மூன்று. சுற்றும்போது படிக்க முடியாதென்றால் ஃபேனைப் போடாதீர்கள்.

மேடை, கொடிக்கம்பம், சரஸ்வதி சிலை, நுழைவாயில் வளைவு எல்லாவற்றுக்கும் போட்டி இருக்கும். கழிப்பறைக்கு மட்டும் ஆள் கிடைக்காது. வாசலில் தன் பெயரோடு போட்டோ எடுத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? அந்தப் பட்டறைக்காரம்மா மட்டும் முன்வருவார். இதே பள்ளியில் படித்தவர், காரணம் தெரிந்திருக்கும். பேர் எதுவும் வேண்டாம் என்பார். கேட்காதீர்கள், ஒன்றரை அடி உயரத்தில் எழுதிவிடுங்கள்.

6. சாப்பாடு. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிற ஊர் நம்முடையது, எனவே தெர்மாக்கோல் தட்டில் பரிமாறுங்கள். அக்காரவடிசலில் நெய் முதல் பந்திக்கு மட்டும். (ஸ்ரீரங்கத்துக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.) முதல் பந்தி மேடைக்கு, இரண்டாவது மேடையின் டிரைவர்களுக்கு. பாராட்டுப் பெற்ற பெண்கள் மூன்றாவதில், அதாவது ரசம் மட்டும் சூடாக இருக்கும்போது.

பிள்ளைகளா? எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் சத்துணவைத் தொடங்கி வைத்தது இதோ இங்கே, பாப்பாக்குறிச்சியில். அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் சோறு என்றால் பிள்ளைகளுக்குத்தான் என்றொரு கெட்ட எண்ணம் இந்த ஜில்லாவில் பரவிவிட்டது. விருந்தன்று அதை முறியடியுங்கள். அவர்கள் பரிமாறட்டும். மிச்சமிருந்தால் ஆளுக்கொரு லட்டு, வரிசையில்.

7. நன்றியுரை நாற்பது நிமிடம். யாரையும் விட்டுவிடாதீர்கள், சமையல்காரரைத் தவிர.

8. புதுக் கழிப்பறையைப் பூட்டியே வையுங்கள். திறந்தால் அழுக்காகிவிடும். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் பந்தியில். சாப்பிட்டு முடித்து அந்தப் பட்டறைக்காரம்மா மெல்ல அந்தப் பக்கம் போவார். தன் பெயர் புதுப் பெயிண்டில் பளபளப்பதைப் பார்ப்பார், அடியில் தொங்கும் பூட்டையும் பார்ப்பார். காலையில் பன்னீர் தெளித்த பெண் அங்கேதான் தட்டு கழுவிக்கொண்டிருப்பாள்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் ஆன்ட்டி திறப்பாங்க."

"அப்ப நீங்க எல்லாம்?"

"நாங்க ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டோம்."

அவள் எந்தப் பிரிவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் பன்னீர்ச் செம்பை வேறு பிள்ளையிடம் கொடுங்கள்.