மூன்று வருஷ ஞாயிறு

பாரிஸில் மரின் மெர்சென் என்றொரு துறவி இருந்தார். பால், முட்டை, கறி எதையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது என்கிற கறாரான சபை அவருடையது. நாக்குக்கு வேலை இல்லாததாலோ என்னவோ, கை சும்மா இருக்கவில்லை. தெகார்த், ஃபெர்மா என்று பெரிய தலைகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொளுத்திப் போட்டுக்கொண்டிருந்தார்.

1644இல் அந்தக் கை ஒரு பட்டியல் எழுதியது. இரண்டை இத்தனை தடவை போட்டுப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதற்கு நடுவில் வேறு எதற்கும் வராது. எப்படிக் கண்டுபிடித்தீர் சாமி? அதை மட்டும் சொல்லவில்லை.

67 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147573952589676412927. இதை எவன் வகுத்துப் பார்ப்பான்? பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி என்று இருநூறு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள்.

1876இல் பிரெஞ்சுக்காரர் எதுவார் லூக்கா, காரணி எதையும் தேடாமலே வேறொரு சோதனை வைத்து, இது பகா எண்ணே இல்லை என்று நிரூபித்தார். சரி, எதால் வகுபடும்? தெரியாது. வீட்டுக்குள் திருடன் இருக்கிறான், யாரென்று மட்டும் கேட்காதே என்கிற கதை.

திருடனைப் பிடித்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபர் 31, நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கோல் எழுந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கரும்பலகையில் இரண்டை 67 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தார். பக்கத்தில் 193707721 × 761838257287 என்று எழுதி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. போய் உட்கார்ந்துகொண்டார். அரங்கமே கைதட்டியது. வரவேற்புரைக்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நம்மூர்ப் பிரமுகர்கள் கவனிக்க.

இந்தக் கதையைச் சொன்னவர் கணித எழுத்தாளர் ஈ.டி. பெல். கொஞ்சம் மசாலா தூக்கலாகவே சமைக்கிறவர். ஆனால் பெருக்கலில் மசாலா கிடையாது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். காரணி தேடுகிறவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு: இந்த எண்ணை வகுக்கும் எதையும் 134ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரவேண்டும். அப்படியும் சின்னக் காரணியே 134ஐப் போல 14,45,580 மடங்கு, அதன்மேல் ஒன்று! கோல் வேறு சல்லடைகளும் போட்டுச் சலித்துத்தான் பிடித்தார். எவ்வளவு காலம் ஆயிற்று என்று பெல் கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

துறவியின் பட்டியலில் 257உம் தேறவில்லை. 61, 89, 107 விட்டே போயிருந்தன. 61தான் 67 ஆகிவிட்டது, அச்சுப்பிழை என்று கம்பாசிட்டர் தலையில் கட்டப் பார்த்தவர்களும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் அந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்றுதான் பெயர்.

அந்த அக்டோபர் 31 ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலை, வகுக்க ஒன்றுமில்லாமல், காபியும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கோலை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.