எக்செல்லில் ஒரு செங்கடல்

வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர் வட்டத்தில் பிரியாணிக்கு ஓர் ஆள், பேட்மிண்டனுக்கு ஓர் ஆள், ஏலச்சீட்டுக்கு ஓர் ஆள் என்று துறைவாரியாகப் பொறுப்பாளர்கள் உண்டு. கொஞ்ச காலமாக அந்த வரிசையில் இன்னொருவரும் சேர்ந்திருக்கிறார். ஸ்கூபா டூருக்குத் திட்டம் போடுபவர்.

பார்த்தால் அடையாளம் தெரியாது. நாற்பதைத் தாண்டிய வயது, அளவான தொந்தி, ஏதோ ஒரு கட்டுமானக் கம்பெனியில் பிளானிங் இன்ஜினியர். ஃபுஜைராவில் லீவு நாட்களில் ஸ்கூபா கற்றுக்கொண்டு, 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்ற சான்றிதழ் வாங்கி வைத்திருப்பார். அன்றோடு அவர் மணிக்கட்டிலிருந்து கடிகாரம் போய்விட்டது. அந்த இடத்தில் இருப்பது டைவ் கம்ப்யூட்டர். ஆபீஸ் லிஃப்டில் யாராவது மணி கேட்டால் மணியைச் சொல்லிவிட்டு, தாம் கடைசியாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்து எத்தனை மணி நேரமாயிற்று என்பதையும் சொல்வார். கேட்டவர் இறங்க வேண்டிய மாடிக்கு முன்பே இறங்கிவிடுவார்.

இவருடைய லட்சியத்தின் பெயர் மார்சா ஆலம். எகிப்தின் செங்கடல் கரையில், ஹர்கதாவுக்குத் தெற்கே சுமார் 280 கிலோமீட்டர். ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு ரோடு. மழை என்றைக்கோ ஒரு நாள். ஆறு கிடையாது. ஆறு இல்லாததால் கடலுக்குச் சேறு வர வழியில்லை. தண்ணீருக்குள் 20, 30 மீட்டர் தூரத்துக்குக் கண் தெரியும். பவளப்பாறை கரையை ஒட்டியே நீளமாக ஓடுகிறது. மலையிலிருந்து அபூர்வமாக வெள்ளம் பாய்ந்து இறங்கும் இடங்களில் மட்டும் பவளம் வளராமல் இடைவெளி விட்டிருக்கிறது. படகு நிறுத்துவதும் ஆள் இறங்குவதும் அந்த இடைவெளிகளில்தான். விமான நிலையம் வந்தது 2003-ல். அதுவும் ஊரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி.

இவ்வளவையும் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 'ஆழம் பார்ப்போம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட குரல் பதிவுகளில் கேட்டது. முழுதும் கேட்டது நான் ஒருவன் மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

குரல் பதிவுக்கு அடுத்து எக்செல் வரும். விமானம், விசா, காற்று, சுறா, ஈயம், மருந்து, சைவம் என்று தனித்தனித் தாள்கள். பெண்ணுக்குச் சீர் வரிசை எழுதுகிற சித்தப்பா மாதிரி, ஒரு சாமானும் விட்டுப்போகாது. எழுதி முடித்ததும் நம் முகத்தைப் பார்ப்பார், நாம் ஏதாவது விட்டுப்போனதாகச் சொல்லமாட்டோமா என்று.

முதல் யுத்தம் சுறா தாளில் வெடித்தது. எல்ஃபின்ஸ்டன் என்கிற பாறைத்திட்டில் ஓஷியானிக் ஒயிட்டிப் என்ற பெரிய சுறா சுற்றுவது முக்கியமாக அக்டோபர், நவம்பரில். டெடலஸ் திட்டில் கொம்பன் சுறாக் கூட்டத்தைப் பார்க்கக் கோடைதான் நல்லது. ஆனால் அது நடுக்கடலில் கலங்கரை விளக்கத்தோடு நிற்கும் திட்டு, கப்பலிலேயே இரவு தங்கிப் போக வேண்டும், புதுப் பழக்கக்காரர்களை அழைத்துப் போகவும் மாட்டார்கள். துபாயில் சிபிஎஸ்இ பள்ளிக்கு நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டிலும், பிறகு டிசம்பரிலும். சுறாவின் பருவத்தையும் பிள்ளைகளின் பரீட்சையையும் அருகருகே இரண்டு நெடுவரிசையாகப் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் அடித்து அனுப்பினார். எங்குமே பச்சை இல்லை. "சுறாவுக்கு மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்கண்ணே, டிசம்பர்ல வருமான்னு" என்று ஒருவர் எழுதினார். அண்ணன் அதையும் ஒரு குறிப்பாகப் பதிவு செய்துகொண்டார். கடைசியில் ஜெயித்தது சிபிஎஸ்இ. டிசம்பர் கடைசி வாரம். குளிர், வடகாற்று, 23 டிகிரித் தண்ணீர். உடனே காற்று தாளில் கனமான வெட்சூட் என்று ஒரு வரி கூடியது.

இரண்டாவது யுத்தம் இன்னும் நுட்பமானது. சாதாரணக் கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் செங்கடலில் 40. உப்பு கூடினால் உடம்பு மிதக்கும். அமிழ்வதற்கு இடுப்பில் கூடுதலாக ஈயக்கட்டி கட்ட வேண்டும். எவ்வளவு என்பது ஆளின் எடையைப் பொறுத்தது. ஆகவே எல்லோரும் எடையை நிரப்பச் சொன்னார். நிரப்பினோம். யார்தான் உண்மையைச் சொல்வார்? அவரும் விவரம் தெரிந்தவர். பக்கத்திலேயே 'உண்மை எடை (என் கணிப்பு)' என்று இன்னொரு நெடுவரிசை திறந்து, ஆளாளுக்கு ஏழு, எட்டு கிலோ ஏற்றிவிட்டார். தாளைத் தவறாமல் திறந்து பார்த்த ஒரே உறுப்பினர், அவருடைய மனைவி. முயற்சி டைவ் ஒன்றுக்கு மட்டும் அரைமனதாகச் சம்மதித்திருந்தவர். அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. மறுநாள் காலையில் அந்த நெடுவரிசை இல்லை. மனைவி பெயருக்கு நேரே '56' என்று தடித்த எழுத்தில் இருந்தது.

மருத்துவப் படிவத்தில் சில கேள்விகளுக்கு 'ஆம்' போட்டால் டாக்டர் கையெழுத்து வேண்டும். சின்ன வயது வீசிங்கை மறைக்கப் பார்த்த ஒருவரை, அவர் பழைய குரல் பதிவில் இருமியதை வைத்தே பிடித்தார். இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்தான். அடைத்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு 18 மீட்டர் கீழே போகிறவனுக்கு நுரையீரல் விஷயத்தில் 'பார்த்துக்கலாம்' என்பது கிடையாது. நிலத்தில் நம்மை வாட்டி எடுக்கும் குணங்கள் சில, தண்ணீருக்கு அடியில் தகுதியாகிவிடுகின்றன. ஸ்கூபாவைக் கண்டுபிடித்தவர்கள் இவரைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடித்தார்களோ என்றுகூடத் தோன்றும். எதைக் கண்டாலும் இருமுறை சரிபார்க்கிற வியாதிக்கு உலகிலேயே சான்றிதழ் தருகிற பொழுதுபோக்கு இது ஒன்றுதான்.

வேன் வாடகை ஏழு பேருக்கு வகுபட வேண்டும், ஆள் ஆறுதான். ஏழாவதாக அவர் குறிவைத்தது தமிழ் மன்றப் பொறுப்பாளரை. மனிதருக்கு நீச்சலே தெரியாது. நம்மவர் சுறாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அண்ணே, நாம போற ரோட்டுல குசேர்னு ஒரு ஊரு. அதுக்குப் பக்கத்துல பழைய துறைமுகம். அங்க தோண்டி எடுத்த பானை ஓட்டுல தமிழ் பிராமி எழுத்து இருக்குண்ணே. 'பானை ஒறி'ன்னு. ஐராவதம் மகாதேவன் ஐயா படிச்சது. தெக்க போனா பெரெனிகே. ரோமானியர் காலத்துக் கோயில் முற்றத்துல, ஜாடியோட 7 கிலோவுக்கு மேல மிளகு. நம்ம பக்கத்து மிளகு!" அத்தனையும் உண்மை. ஆனால் பெரெனிகே அவர் திட்டத்தில் எந்தத் தாளிலும் இல்லை என்பதைச் சொல்லவில்லை. தமிழ் மன்றத்தார் ஐந்து நிமிடத்தில் முன்பணம் அனுப்பிவிட்டார். கூடவே சால்வை எடுத்து வரலாமா என்று கேட்டார்.

மல்லிப்பட்டினத்துக்காரர் ஒருவர் குழுவில் இருந்தார். அபு தபாப் என்ற குடாவில் கடல்புல் மேயும் கடற்பசுவைப் பார்க்கத்தான் முதல் நாள் முழுதும் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று படித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, இது நம்ம ஆவுளியாதானே? எங்க வாப்பா வலைல மாட்டுனதை அறுத்து விட்டிருக்காரு. அதைப் பாக்கவா ரெண்டு ஃப்ளைட்டு ஏறி ஈஜிப்ட் போறோம்?" கேள்வி நியாயமானது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. நம் திட்டக்காரரின் சொந்த ஊரான பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் அந்தக் கடல்தான். ஆனால் அவரிடம் பதில் இருந்தது, ஒரே வரியில்: "அங்க தண்ணி கலங்கல். விசிபிலிட்டி தாள் பாக்கவும்."

சைவம் தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எகிப்தில் அவரைப்பயறு வேகவைத்த ஃபூல், அதையே அரைத்துப் பொரித்த தாமியா, அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்த குஷரி என்று சைவக்காரனுக்குப் பஞ்சமே இல்லை. இத்தனையும் எழுதிவிட்டு, கீழே 'இட்லிப் பொடி, 2 கிலோ' என்றும் எழுதியிருந்தார். மருந்து தாளில் வயிற்றுப்போக்கு மாத்திரை அதற்கு நேர் விகிதத்தில். டிரோன் கொண்டுவருவேன் என்று அடம்பிடித்த இளைஞனிடம், எகிப்தில் அனுமதியில்லாமல் கொண்டு போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்று விதியைக் காட்டி அடக்கினார்.

உண்மையான சிக்கல் பட்டுக்கோட்டையில் இருந்தது. அம்மா. மகனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் இருக்கிறது. குளத்தில் கால் நனைக்கவே விட்டதில்லை. ஆகவே அம்மாவைப் பொறுத்தவரை இது பிரமிடு பார்க்கும் சுற்றுலா. பிரமிடு கெய்ரோ பக்கத்தில். மார்சா ஆலமோ அங்கிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் சாட்சி வேண்டுமே? அதற்காகவே கெய்ரோவில் விமானம் மாறும்போது ஒன்பது மணி நேர இடைவெளி வருமாறு டிக்கெட் எடுத்தார். தாளில் அந்த வரி இப்படி இருந்தது: '10.40–11.05: கீஸா. புகைப்படம் (அம்மா).' மூன்று பிரமிடுக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். தமிழ் மன்றத்தார் ஸ்பிங்க்ஸைப் பார்க்கத் திரும்பும்போது வேன் ஹாரன் அடித்தது.

கடலுக்குப் போன கதை சுருக்கம். சான்றிதழ்க்காரர்கள் இறங்கினார்கள், தமிழ் மன்றத்தார் சால்வையைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். தண்ணீருக்குள் நம்மவரால் பேச முடியாது. அந்த ஒரு மணி நேரம் அவர் பட்ட பாடு கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கை ஜாடை சிலதான் உண்டு. அதில் 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்பதற்கு ஜாடை இல்லை. அபு தபாப்பில் கடற்பசு ஒன்று மணலைக் கிளப்பிக்கொண்டு புல்லைப் பிடுங்கித் தின்றது. மூச்சு வாங்க மேலே போயிற்று, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து மேய்ந்தது. மல்லிப்பட்டினத்துக்காரர் அதன் பக்கத்தில் அசையாமல் மிதந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். சிலிண்டரில் 50 பார் மிச்சம் என்றதும் அவரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பயணத்தின் உச்சம் அதுவென்று நீங்கள் நினைத்தால் திட்டக்காரர் என்ற ஜாதியை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. மூன்றாம் நாள், ஊருக்கு வெகுதூரம் தள்ளி ஓர் இடம். கொட்டகை, லாரி, சிலிண்டர்கள் தவிர வேறொன்றும் கிடையாது. ஒரு ஜெர்மன்காரர் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வால்வைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று பீறிட்டது. ஓ-ரிங் போய்விட்டது. விரல் நகத்தளவு ரப்பர் வளையம், சில்லறைக் காசு விலை. அது இல்லாமல் சிலிண்டர் வெறும் இரும்பு. வழிகாட்டி வேறொரு குழுவோடு தண்ணீருக்குள் இருந்தார். நம்மவர் எழுந்தார். அவசரமே படவில்லை. பைக்குள் பை, அதற்குள் டப்பா, டப்பாவில் பத்து அறைகள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் அளவு. ஒன்றைக் குறடால் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இரு கையாலும் கொடுத்தார். ஜெர்மன்காரர் பணம் எடுத்தபோது வேண்டாம் என்று தலையசைத்த அழகு இருக்கிறதே, பொற்கிழி கொடுத்த பாண்டியனிடம்கூட அது இருந்திருக்காது. இரவில் அவருடைய டைவ் குறிப்பேட்டைப் புரட்டினேன். கடற்பசுவுக்கு ஒரு வரி. ஓ-ரிங்குக்கு ஒரு பக்கம், படத்தோடு.

கடைசி நாள் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் கொடுக்காமல் விமானம் ஏறினால் ரத்தத்திலும் மூட்டிலும் குமிழி கட்டும். நாள்கணக்கில் டைவ் அடித்தவர்களைக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். இவர் 30 என்று போட்டிருந்தார். கடைகண்ணி இல்லாத பாலைவனத்தில் 30 மணி நேரம். நாங்கள் தூங்கினோம். அவர் வெட்சூட்டுகளை நிழலில் காயப்போட்டுவிட்டு, நவம்பர் முதல் ஜனவரி வரை திமிங்கலச் சுறா வரும் ஜிபூட்டிக்குப் புதிய தாள் ஒன்று திறந்து, அங்கேயும் பாலைவனம்தானா என்று கேட்ட மனைவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பட்டுக்கோட்டை. டிரோன் கிடைக்காத இளைஞன் கோபத்தில் முதல் நாள் படத்தை ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். அதை யாரோ அம்மாவுக்குக் காட்டிவிட்டார்கள். ஸ்பீக்கரில் அம்மா குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏன்டா தம்பி, முதுகுல அது என்னடா? கேஸ் சிலிண்டரா?"

எந்தத் தாளிலும் இல்லாத கேள்வி. ஒரு கணம்தான் யோசித்தார்.

"பிரமிடுக்குள்ள காத்து கம்மிம்மா. எல்லாருக்கும் குடுக்குறாங்க."