ஒரு சின்னக் கருத்து

ஒலிவாங்கி அவர் கைக்குப் போனால் திரும்பி வராது. கொண்டுவந்து தந்த மாணவி கையை நீட்டியபடியே நிற்பாள். அவர் அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "கேள்வின்னு ஒண்ணும் இல்லை, ஒரு சின்னக் கருத்து" என்பார். அரங்கில் பாதிப் பேர் அந்த நொடியே கைப்பேசிக்குள் குனிந்துவிடுவார்கள். இளம் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கென்று நடக்கும் மாநாடு ஜாலான் அம்பாங் ஹோட்டலில் நடந்தாலும் சரி, பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் நடந்தாலும் சரி, மூத்த மருத்துவரான அவர் முன்வரிசையில் இருப்பார். அழைப்பிதழில் 'இளம்' என்று கொட்டை எழுத்தில் இருப்பது அவரை ஒருநாளும் தடுத்ததில்லை. டத்தோ பட்டம் வந்திருக்கலாம், இன்னும் வராமலும் இருக்கலாம். எதற்கு வம்பு என்று எல்லாரும் சேர்த்தே அழைப்பார்கள்.

மேடையில் நிற்பது முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டுப் பெண். பேச்சுக்குப் பத்து நிமிடம், கேள்விக்கு மூன்று. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் சிலருடைய அணுக்கள் இமாடினிப் மருந்துக்கு ஏன் மசிவதில்லை என்பது ஆய்வு. ரத்தநோய்களுக்கு மலேசியாவின் தேசியப் பரிந்துரை மையமே அம்பாங் மருத்துவமனைதான். ஆக, அந்தப் பெண் பேசும் நோயாளிகள் எங்கோ இல்லை, பக்கத்திலேயே படுத்திருக்கிறார்கள். நம்மவர் ஆரம்பிப்பார். "ஏழாவது படத்துக்குப் போம்மா. இல்லம்மா, அதுக்கு முந்தினது. பின்னால... இன்னும் பின்னால... ஆங், அதேதான்." இவ்வளவு தேடிப் பிடித்த அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பூசல்ஃபான் மாத்திரை கொடுத்த காலத்துக்குப் போய்விடுவார். அங்கிருந்து எடின்பரோ, அங்கே பெய்த பனி, பனியில் நடந்தே வார்டுக்கு வந்த பேராசிரியர், பிறகு சிரம்பானில் முதல் வேலை. அமர்வுத் தலைவர் மணியைத் தொடுவார், அடிக்க மாட்டார். தலைவர் ஒரு காலத்தில் நம்மவரின் மாணவராக இருந்தவர். கடைசியில், "அதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்று நம்மவர் உட்கார, "நன்றி டத்தோ, கண்டிப்பா யோசிக்கிறேன்" என்று பெண்ணும் இறங்கிவிடும். எதை யோசிப்பது என்பது இருவருக்குமே தெரியாது.

போனது மூன்று நிமிடம்தானே என்று விட்டுவிட முடியாது. மாநாட்டில் மற்றதெல்லாம் வேறு வழியில் கிடைக்கும். ஆய்வுச் சுருக்கம் புத்தகமாகவே கையில் இருக்கிறது, பெரிய பேச்சாளரின் உரை காணொளியாக வந்துவிடும், கரிபாப் எந்தக் கடையிலும் விற்கும். வழிகாட்டிப் பேராசிரியரின் ஆட்சேபங்கள் மாணவருக்கு மனப்பாடம். முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து, "ஒப்பிட்டுப் பார்க்க எந்த அணுக்களை வைத்தீர்கள்? அவற்றின் வயது என்ன?" என்று கேட்பதுதான் வேறெங்கும் கிடைக்காத சரக்கு. அந்த ஒரு கேள்வி ஆறு மாத வீண் உழைப்பை மிச்சப்படுத்தும். இளையவர்களின் கண்ணை லேசாக எடைபோடவும் கூடாது. இதே ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதை 1960இல் அறிவித்தவர்கள் ஃபிலடெல்ஃபியாவின் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும். நோவெலுக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை; ஹங்கர்ஃபோர்ட் அப்போது ஆய்வு மாணவர். இமாடினிப் வரைக்கும் போன பாதை அங்கேதான் தொடங்கியது.

அனுபவசாலி பேசினால் கேட்டுக்கொள்வதில் என்ன குறைந்துவிடும் என்பார்கள். நியாயமான வாதம். அவர் அறிந்ததில் பல விஷயங்கள் எந்தக் கணினியிலும் இல்லை. மலேசிய இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, வாய்ப் புற்றுநோய் அதிகம். வெற்றிலை பாக்கு புகையிலைப் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். மரபணு வரிசையைப் படிக்கும் இளைஞர் இதைக் கட்டுரையில் படித்திருப்பார். இவரோ தோட்டத்துப் பாட்டிகளின் கன்னத்தில் வெற்றிலை அடக்கிய இடத்தை நேரில் திறந்து பார்த்தவர். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: மாலையில் எல்லாரும் சான்றிதழும் துணிப் பையும் வாங்க வரிசையில் நிற்கும்போது, கடைசி மூலைச் சுவரொட்டி முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடிக்குறிப்பு வரை படிப்பவர் அவர் ஒருவரே. தேநீர் இடைவேளையில் யாராவது மாட்டினால், "அந்த நோயாளி எத்தனை மாசம் மருந்து எடுத்தாங்க?" என்று சுருக்கென்று கேட்பார். அருமையான கேள்வியாக இருக்கும். ஒலிவாங்கி இல்லாத இடத்தில் அவர் நல்ல ஆசிரியர். ஆகவே அனுபவத்தைக் கேட்க வேண்டுமா என்பதில் தகராறே இல்லை. எந்த நேரத்தில் என்பதில்தான்.

இளையவர்கள் வாயே திறப்பதில்லை, அந்த மௌனத்தை யாராவது நிரப்ப வேண்டாமா என்பது அடுத்த வாதம். இதில் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். பத்து நாடுகளில் 247 கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் கேள்வியை ஆண் கேட்ட கூட்டங்களில் பெண்கள் கேட்பது குறைந்துபோவதைக் கண்டது. நம் ஊரில் அதோடு வயதும் பட்டமும் சேர்ந்துகொள்கின்றன. எடின்பரோவின் பனியில் நனைந்த கூட்டத்தில் இருபத்தைந்து வயதுப் பெண் எழுந்து, "எத்தனை மாதிரிகள் எடுத்தீர்கள்?" என்று கேட்பாளா? 1931இலிருந்து நடக்கும் கார்டன் ஆய்வு மாநாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பல மாநாடுகளுக்கு முன்னதாக, ஆய்வு மாணவர்களும் முனைவர் பட்டம் முடித்த இளையவர்களும் தாங்களே ஒரு கூட்டம் நடத்திக்கொள்கிறார்கள். பெரியவர்களின் கூட்டம் அதற்குப் பிறகுதான்.

இங்கே அவரை யாரும் நிறுத்தாததற்குக் காரணம் மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். பயம்தான். பரிந்துரைக் கடிதத்தில் அவர் கையெழுத்து வேண்டும், ஆய்வு நிதிக் குழுவில் அவர் உட்கார்ந்திருக்கிறார், அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு மருந்து நிறுவனத்தின் பணம் அவர் ஒரு போன் போட்டால் வரும். 2012 முதல் 2016 வரை மலேசியாவில் பதிவான புதிய புற்றுநோய்கள் 115,238. இதை ஆராய வந்தவர்கள், உதவித்தொகையில் கட்டணம் கட்டி, எல்ஆர்டி பிடித்து வந்து, ஒருவர் சுயசரிதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இது அநியாயம்.

ஏற்பாட்டாளர்களே, ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் முதல் இரண்டு கேள்விகள் மாணவர்களுக்கு மட்டும் என்று நிகழ்ச்சி நிரலிலேயே அச்சடித்துவிடுங்கள். டத்தோ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மதியச் சாப்பாட்டில் அவர் பக்கத்தில் நாலு மாணவர்களை உட்கார வையுங்கள், சரியாகிவிடும்.