இதயம் நின்றாலும் படிவம் நிற்காது

மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பக்கத்தில்தான் செர்டாங் மருத்துவமனை. இப்போது சுல்தான் இட்ரிஸ் ஷா பெயரில். நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு, காலிலிருந்து எடுத்த நாளத்தை மயிரிழை நூலால் தைத்து, மறுபடி துடிக்க வைப்பது அங்கே வழக்கமான வேலை. இளம் மருத்துவர் அதைக் கற்க வருடக்கணக்காகும்.

கற்ற பிறகுதான் கஷ்டமான பாடம்: நிபுணராகப் பதியும் படிவம்.

அப்படிக் கற்று, 1505-இல் தோன்றிய எடின்பரோ அரச அறுவைக் கல்லூரியின் தேர்வில் தேறிய இதய அறுவை மருத்துவர்களை நிபுணர் பதிவேட்டில் சேர்க்க மலேசிய மருத்துவ மன்றம் மறுத்தது. ஐந்நூறு வருஷ அனுபவம் போதவில்லை போலும்! விவகாரம் நீதிமன்றப் படியும் ஏறியது.

பதிவேட்டின் அடைப்பை நீக்க அறுவைக் கத்தி உதவவில்லை. 2024 ஜூலையில் மக்களவை மருத்துவச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.